தீட்டுக்கு மீட்டர் இல்லை

(திருச்சுழி வட்டாரத்தில் இளைஞர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



செல்போன் டவர் பற்றிப் பேசுவதற்குக் கவிதை எழுதுகிற ஒருவனை ஏன் கூப்பிட்டீர்கள் என்று தம்பிகளிடம் கேட்டேன். 'அண்ணே, நீங்க பேங்குல இருக்கீக. ஒரு காகிதத்தைப் பாத்தா அதுல எது சரி, எது ஏமாத்துன்னு தெரியும்ல' என்றார்கள். சரியான காரணம்தான். நான் விஞ்ஞானி இல்லை. எனக்குத் தெரிந்தது காகிதம். இன்றைக்குக் காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தின் பேச்சு நாலு பேருக்குப் படிக்கக் கிடைக்கும் என்பதால் திரும்பச் சொல்கிறேன். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். ஊர்த்தெருவில் ஒருவர் தன் பட்டா நிலத்தில் டவர் வைக்க இடம் தருவதாக ஒப்புக்கொண்டார். மாத வாடகை வருமல்லவா. அதற்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது. டவர் வந்தால் கர்ப்பம் கலையும், மூளையில் கட்டி வரும், குருவி சாகும் என்று. 2018இல் வந்த '2.0' படத்தைப் பார்த்தவர்கள் குருவிக்குச் சாட்சி சொன்னார்கள். ஊர்க் கூட்டம் போட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்குப் பேச்சில்லை. அதே கூட்டத்தில், அதே வாயால், 'காலனிப் பக்கம் புறம்போக்கு கெடக்குல்ல, அங்க வச்சுக்கிறட்டும்' என்றும் சொல்லிவிட்டார்கள்.

காலனியில் இப்போது இரண்டு கட்சி. 'வரட்டும்ணே, சிக்னல் கிடைக்கும்' என்பது ஒன்று. 'நம்மளச் சாகடிக்கத்தான் இங்க தள்ளுறாய்ங்க' என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு அப்பத்தா கேட்டது: 'அவுகளுக்கு ஆகாதுன்னு தள்ளுனது நமக்கு மட்டும் எப்படிய்யா ஆகும்?'

இந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. டவர் ஆபத்தா என்பது ஒன்று. ஆபத்து என்று அவர்கள் நம்பிய ஒன்றை நம் பக்கம் ஏன் தள்ளினார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 'ஆபத்தில்லை' என்று பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வி செத்துப் போகாது. சுடுகாடு, குப்பைமேடு, சாக்கடை வாய்க்கால் என்று வரிசையாக நம் பக்கம் வந்தவை எல்லாம் இந்த வழியில்தான் வந்தன. டவர் ஒருவரையும் கொல்லாமல் இருக்கலாம். கொல்லும் என்று நம்பிக்கொண்டே நம் தெருவுக்குக் கைகாட்டியவரின் மனசு அதனால் சுத்தமாகிவிடாது.

இதை முதலில் பதிவு செய்துவிட்டு முதல் கேள்விக்கு வருகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று காற்றில் வந்து உடம்பைக் கெடுக்கும், ஆகவே இத்தனை அடி தள்ளி நில். இந்தச் சொல் நமக்குப் புதிதா? இரண்டாயிரம் வருஷமாக நாம் கேட்டுக்கொண்டிருக்கிற சொல் இதுதான். தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு. புரத வண்ணார் மக்களைப் பார்த்தாலே தீட்டு என்று நெல்லைப் பக்கம் அவர்களை இருட்டில் மட்டும் நடக்கவிட்டிருந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1927 மார்ச் 20இல் அவர் மகத் நகரில் சௌதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். அப்புறம் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 பானை குளத்தில் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 108 பானை ஊற்றுவதற்கு முன்னால் தண்ணீரில் தீட்டு எவ்வளவு இருந்தது, ஊற்றிய பின் எவ்வளவு குறைந்தது என்று ஒருவராவது அளந்தாரா? அளக்க முடியாது. தீட்டுக்கு மீட்டர் கிடையாது. இல்லாததை எப்படி அளப்பது?

ஆனால் டவரிலிருந்து வருகிற அலைக்கு மீட்டர் உண்டு. இதுதான் நான் சொல்ல வந்தது. அளக்க முடியாத பயத்தால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனங்கள் நாம். அளக்க முடிகிற ஒன்றை அளக்காமலேயே பயப்படவும் கூடாது. அளக்காமலேயே 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட்டுப் போக எந்த அதிகாரியையும் விடவும் கூடாது.

கொஞ்சம் விஞ்ஞானம் சொல்கிறேன். அக்காமார்கள் கொட்டாவி விடாதீர்கள், இதில் உங்கள் கதையும் வருகிறது.

டவரிலிருந்து வருவது வானொலி அலை. எக்ஸ்ரே மாதிரி அணுவை உடைக்கிற சாதி இல்லை அது. உடம்பில் பட்டால் அது செய்வதாக ஐயமற நிரூபிக்கப்பட்டிருப்பது ஒன்றுதான்: சூடாக்குதல். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவது இந்த வகை அலையால்தான். ஆகவே எவ்வளவு அலை பட்டால் மனித உடம்பு சுமார் ஒரு டிகிரி சூடேறும் என்று கணக்கிட்டார்கள். உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 வாட். அதில் பத்தில் ஒரு பங்கை டவர் வேலை செய்கிறவர்களுக்கு வரம்பாக வைத்தார்கள். பொதுமக்களுக்கு ஐம்பதில் ஒரு பங்கு. இதைச் சொன்னது அயனியாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேச ஆணையம், 1998இல். இந்தியா 2008இல் அதை ஏற்றது. 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களுக்கு அதையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று இருந்தது 0.45 ஆனது. 1800க்கு 0.9.

இதற்கு மேல் கேள்வியே இல்லையா என்றால், உண்டு. சூடு தவிர வேறு தீங்கு உண்டா, பல வருஷம் பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகள். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை '2பி' பிரிவில் வைத்தது. புற்றுநோய் தரக்கூடும், ஆதாரம் போதாது என்று அர்த்தம். நம்மைப் போன்ற ஆசிய நாடுகளின் காய்கறி ஊறுகாய் வகையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட பெரிய ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. விஞ்ஞானம் இப்படித்தான் போகும். இன்று சொன்னதை நாளை சோதிக்கும். மனு சொன்னதை எவனும் சோதித்ததில்லை.

அடுத்தது தூரம். விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் குறைகிறது அல்லவா, அதே கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் அலை நாலில் ஒரு பங்காகும். 20 வாட் ஆன்டெனா ஒன்று. எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரு திசையில் குவிப்பதால் அந்தத் திசையில் மட்டும் அதன் வலு சுமார் 50 மடங்கு என்று வையுங்கள். நேர் எதிரே 20 மீட்டரில் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 0.2 வாட். 40 மீட்டரில் 0.05. வரம்புக்குள்தான். ஆனால் அதே திசையில் அதே மாதிரி நாலு ஆன்டெனா மாட்டினால்? 20 மீட்டரில் 0.8. 900 மெகா ஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டிவிட்டது. அதனால்தான் தொலைத்தொடர்புத் துறை, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் உள்ள கட்டடத்துக்கு ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35, நாலு என்றால் 45 என்று இடைவெளி சொன்னது. எண்ணிக்கை கூடினால் தூரம் கூட வேண்டும். இன்றைக்கு ஒன்று என்று வந்து நாளைக்கு நாலு கம்பெனி சேர்ந்து தொங்கும். அதைக் கவனிக்க வேண்டும்.

'நேர் எதிரே, அதே உயரத்தில்' என்பதையும் கவனியுங்கள். விளக்குக்கு அடியில் இருட்டு என்பார்கள். டவருக்கு அடியிலும் அப்படித்தான். 40 மீட்டர் உயரத்தில் குவிந்து போகிற அலை, நம் காலனியின் ஓட்டு வீட்டுக்கும் தொகுப்பு வீட்டுக்கும் மேலாகப் போய்விடும். ஆபத்து அதிகம் யோசிக்க வேண்டிய இடம், அருப்புக்கோட்டை மாதிரி நெருக்கமான ஊரில் ஒரு மாடியில் குட்டைக் கம்பம் நட்டு, எதிர்மாடிக் குழந்தையின் சன்னலுக்கு நேராக ஆன்டெனாவைத் திருப்புகிற இடம். இன்னொன்றும் உண்டு. டவர் தூரமாக இருந்தால் கையிலிருக்கிற போன் சும்மா இருக்காது. தூரத்தில் நிற்பவனிடம் நாம் கத்திப் பேசுகிற மாதிரி அதுவும் வலுவாக அலையை விடும், அதுவும் காதோரத்தில். ஆக, டவரே வேண்டாம் என்று விரட்டிவிட்டு நாள் முழுக்கப் போனைக் காதில் வைத்திருப்பது கணக்குத் தெரியாத பயம்.

ஆகவே காலனிக்கு டவர் வந்தால் நாம் எல்லாம் செத்துவிடுவோம் என்பதை நான் நம்பவில்லை. அதே சமயம், கம்பெனிக்காரர் வந்து 'ஒண்ணும் ஆகாதுங்க' என்று சிரித்தால் நம்புவேனா? மாட்டேன். இங்கேதான் காகிதம் வருகிறது.

ஒரு டவரைச் சேவைக்குத் திறப்பதற்கு முன், அலை வரம்புக்குள் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறைக்குச் சான்று தர வேண்டும். அந்தச் சான்றைத் தருவது யார்? கம்பெனியேதான். சுயசான்று. துறை அதில் ஒரு சிறு பகுதியை எடுத்துச் சோதித்துப் பார்க்கிறது. நான் வங்கியில் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஆள் ஒருவர் இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கக் கடன் கேட்டு வந்தால் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, போட்டோ, ஜாமீன் என்று எத்தனை கையெழுத்து! 'ஐயா, நான் நல்லவன், நானே எழுதித் தந்துவிடுகிறேன்' என்றால் மேனேஜர் சிரிப்பார். ஆட்டுக்குட்டிக்காரர் சொல்லை இந்த நாடு நம்பாது. கோடிகளில் புரளும் கம்பெனி தன்னைப் பற்றித் தானே எழுதித் தந்தால் வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளும்.

சோதிக்க வழியே இல்லையா? இருக்கிறது. 2017 மே மாதம் 'தரங் சஞ்சார்' என்று ஒரு இணையதளத்தைத் திறந்தார்கள். எந்த டவர் எங்கே, சான்று உண்டா என்று பார்க்கலாம், 4000 ரூபாய் கட்டினால் வந்து அளந்து காட்டுவோம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் 2025-26க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். கணக்குப் போடுங்கள். ஒரு அக்கா பன்னிரண்டு நாள் மண் சுமந்தால்தான், தன் வீட்டுக்கு முன்னால் வருகிற காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை கிடைக்கும்.

ஆனாலும் எளிய மனிதர் ஒருவர் கேட்டு வாங்கியிருக்கிறார். குவாலியரில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர் அவர். 2002இல் பக்கத்து மாடியில் வைத்த டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 மார்ச்சில் ஏழு நாளைக்குள் அந்த டவரை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அலைதான் நோயைத் தந்தது என்று இதனால் நிரூபணமாகிவிட்டதாகச் சொல்ல முடியாது. வெறும் பயத்தை மட்டும் வைத்துப் போன வழக்குகளைப் பல உயர் நீதிமன்றங்கள் தள்ளியும் இருக்கின்றன. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, வீட்டு வேலைக்காரரின் கேள்வியும் ஒரு கேள்விதான் என்று நாட்டின் பெரிய கோர்ட் ஒப்புக்கொண்டது.

இப்போது அக்காமார்கள் கதை.

அந்த ஒரு டிகிரியை மறந்துவிடாதீர்கள். மனித உடம்பு ஒரு டிகிரி சூடேறக் கூடாது. இந்த ஒரு அக்கறையின் மேல்தான் மேலே சொன்ன வரம்பு, ஐம்பதில் ஒரு பங்கு, அதிலும் பத்தில் ஒரு பங்கு, எல்லாம் கட்டப்பட்டிருக்கிறது. மீறினால் அபராதம் 5 லட்சம் என்று இருந்ததைப் பின்பு 10 லட்சமாக உயர்த்தினார்கள். எவ்வளவு கவனம்! எவ்வளவு மரியாதை மனித உடம்புக்கு! நான் கேலி செய்யவில்லை. எல்லா உடம்புக்கும் இந்த மரியாதை வேண்டும் என்கிறேன்.

சித்திரை மாசத்து உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுகிற வெளிச்சமும் வெக்கையும் சுமார் 1000 வாட். 0.45 இல்லை, 1000. இந்தக் கரிசக்காட்டில், தண்ணீரில்லாத கண்மாய்க்குள் குனிந்து மண் வெட்டுகிற உங்கள் முதுகில் விழுவது அது. உடம்பு ஒரு டிகிரியா ஏறுகிறது? மயக்கம் போட்டு விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து, வேப்ப மரத்தடியில் படுக்க வைத்துவிட்டு வேலை தொடரும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். செத்த பிறகு. இந்த அளவுக்கு மேல் வெக்கை போனால் மம்பட்டியைக் கீழே வை, வைக்க விடாத காண்ட்ராக்டருக்கு 10 லட்சம் அபராதம் என்று எந்த எண்ணையும் யாரும் எழுதவில்லை.

மலக்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத வாயு. இறங்கிய சில நிமிஷத்தில் ஆளைக் கொல்லும் என்பதில் எந்த விஞ்ஞானிக்கும் சந்தேகமில்லை, '2பி' பிரிவு எல்லாம் கிடையாது. வாயுவைக் கண்டுபிடிக்கிற மீட்டரும் உலகத்தில் இருக்கிறது. 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. பாருங்கள் தோழர்களே, ஒரு டவர் வரம்பு மீறினால் 10 லட்சம், ஒரு மனிதன் மலக்குழியில் செத்தால் 10 லட்சம் என்று ஒன்பது வருஷம் இந்த நாட்டில் விலை ஒன்றாக இருந்தது. இறங்குபவன் கையில் அந்த மீட்டரைக் கொடுத்துவிட்டா இறக்குகிறார்கள்? தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுப் பார் என்கிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? டவர் அலை மாடிவீட்டு சன்னலுக்குள்ளும் போகிறது. ஆகவே அதற்கு மீட்டர் வந்தது, குழு வந்தது, இணையதளம் வந்தது. மலக்குழி வாயு மாடிவீட்டுக்குள் போவதில்லை. சீமைக்கருவேலங் கரிமூட்டத்துப் புகை, மூட்டம் பிரிக்கிற அண்ணன் நெஞ்சைத் தாண்டிப் போவதில்லை. எதை அளப்பது என்பதை இந்தச் சமூகத்தில் சாதி முடிவு செய்கிறது. மீட்டரே வேண்டாம் என்பது நம் கட்சி இல்லை. அந்த மீட்டர் கீழே இறங்கி நம்மிடம் வர வேண்டும் என்பதுதான்.

டவரிலும்கூட நம் ஆள் ஒருவர் இருக்கிறார். அதன் மேல் ஏறுகிறவர். பெயின்ட் அடிக்க, ஆன்டெனா மாட்ட, ஒப்பந்தக் கூலிக்கு ஏறுகிற பையன். கீழே நிற்கும் நமக்குச் சொன்ன கணக்கு அவனுக்குப் பொருந்தாது. அவன் ஆன்டெனாவுக்கு ஓர் அடி முன்னால் தொங்குகிறான். அவன் நெருங்குவதற்கு முன் அதை நிறுத்தினார்களா, இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று எந்த ஊர்க் கூட்டமும் கேட்கவில்லை. நாம் கேட்போம்.

கடைசியாக, நமக்கு இது வேண்டுமா என்ற கேள்வி. வேண்டும் என்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என்று போனில் படமெடுத்து ஏற்றினால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத கண்மாயில் வேலை பார்த்தவர்கள் கூலிக்கு அலைந்ததை நீங்களே பார்த்தீர்கள். பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பமும் போனில்தான். வன்கொடுமைக்கு 14566 என்று 2021 டிசம்பரில் ஒரு உதவி எண் தந்தார்கள். ராத்திரியில் தெருவுக்குள் அரிவாளோடு ஆட்கள் நுழைந்தால் அந்த எண்ணைக் கூப்பிடச் சிக்னல் வேண்டாமா? நடந்ததைப் படம் பிடித்து வெளியே அனுப்ப வேண்டாமா? ஊரைச் சுற்றி இருட்டாக இருந்தது எப்போதும் நமக்குத்தான் ஆபத்தாக முடிந்திருக்கிறது.

ஆகவே தம்பிகளோடு உட்கார்ந்து சில கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம். முதலில் நிலம். அந்தப் புறம்போக்கு என்ன வகை? 'அ' பதிவேட்டில் ஆதிதிராவிடர் நத்தம் என்றோ பஞ்சமி என்றோ இருக்கிறதா? தாசில்தார் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். வாடகை யாருக்கு? ஊராட்சிக்கு வருமானால் அதில் காலனிக்கு எவ்வளவு, எந்தத் தீர்மானப்படி? எத்தனை ஆன்டெனா, எவ்வளவு உயரம், எந்தத் திசை, பிற்பாடு எத்தனை சேர்க்க உத்தேசம்? சுயசான்றின் நகல் எங்கே? டவர் ஓடத் தொடங்கிய பின் ஒரு முறை, ஆன்டெனா சேர்க்கும்போதெல்லாம் ஒரு முறை, அங்கன்வாடி வாசலிலும் தெருக்கோடியிலும் அளந்து, எண்ணைத் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்த 4000 ரூபாயைக் கம்பெனியோ ஊராட்சியோ கட்டட்டும். ஜெனரேட்டர் புகையும் சத்தமும் எந்த வீட்டுப் பக்கம்? வேலி உண்டா? ஏறுகிறவனுக்குப் பாதுகாப்பு என்ன?

இதைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். அலைவரிசை மத்திய அரசின் அதிகாரம், ஊராட்சித் தீர்மானம் அதை மாற்றாது என்பார்கள். தெரியும். ஆனால் தீர்மானம் ஒரு ஆவணம். வங்கிக்காரன் சொல்கிறேன், எழுதாதது நடக்காததற்குச் சமம்.

அந்தத் தீர்மானத்தின் முதல் வரியில் அப்பத்தாவின் கேள்வி இருக்க வேண்டும். ஊர்த்தெரு ஆகாதென்று தள்ளியதைக் காலனிக்குப் பரிந்துரைத்தது யார், எந்த அளவை வைத்து? அளவு இருந்தால் காட்டட்டும். இல்லையென்றால் அது அலையைப் பற்றிய பயம் இல்லை, பழைய தீட்டுதான்.

தாளும் பேனாவும் அந்தப் பெஞ்சில் இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வையுங்கள், பக்கத்தில் பெயரைத் தம்பி எழுதுவான். அப்பத்தா முதலில் வரட்டும்.